இருபதாவது ஒப்படைப்பு

பட்டாளத்தம்மாவுக்கு வீடு காலி செய்வதைப் போல வெறுப்பான வேலை வேறெதுவும் கிடையாது. அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து கணவர் ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் இருபத்திரண்டு வருஷம். அதற்குள் பத்தொன்பது வீடுகள். எல்லாம் பட்டாளம் கொடுத்தவை. மாற்றல் வந்ததும் பட்டாளத்திடமே திருப்பிக் கொடுக்க வேண்டியவை. பூட்டினோம், சாவியைக் கொடுத்தோம், போனோம் என்று இருக்க முடியாது. அதற்கு ஒப்படைப்பு என்று ஒரு பெரிய கூத்து உண்டு.

ஒப்படைப்பு நாளில் காலையிலேயே ஒரு ஆள் பரீட்சை அட்டையோடு வந்து நிற்பார். அட்டையில் செருகிய பட்டியலில் அந்த வீட்டின் சொத்து முழுக்க இருக்கும். பல்பு எத்தனை, ஸ்விட்ச் எத்தனை, ஜன்னல் கொக்கி எத்தனை, குழாய் எத்தனை. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து டிக் போடுவார். சுவரில் ஆணி அடித்த ஓட்டை இருந்தால் போச்சு. அடுப்பு மேடையில் பிசுக்கு இருந்தால் அதைவிடப் போச்சு. அந்த அட்டைக்காரர்களுக்குப் பயந்து பட்டாளத்தம்மா ஏழு மாத வயிற்றோடு குழாய்களைத் தேய்த்திருக்கிறார். இடுப்பில் குழந்தையோடு குளியலறைச் சுவரைச் சுரண்டியிருக்கிறார். இவர் பளபளவென்று தேய்த்து வைத்த வீட்டில் யாரோ ஒருத்தி மகராசியாக வந்து இறங்குவாள். இவரோ, யாரோ ஒருத்தி ஒப்புக்குத் துடைத்துவிட்டுப் போன வீட்டில் போய் இறங்குவார். இப்படிப் பத்தொன்பது முறை.

கணவரிடம் புலம்பியும் பயனில்லை. அவர் பட்டாளத்தில் பண்டகசாலைப் பொறுப்பாளர். எண்ணுவதும் எழுதுவதும் கையெழுத்து வாங்குவதுமே அவருடைய உத்தியோகம். "ஒரு கீறல் இருக்கக் கூடாது" என்று பின்னாலேயே வருவார். ஏழாவது வீட்டில்தான் உச்சம். எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுச் சாவியை நீட்டினால், அட்டைக்காரர் மாற்றல் உத்தரவைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்க மாட்டேன் என்றார். அலுவலகக் குமாஸ்தா தூக்கக் கலக்கத்தில், போய்ச் சேர வேண்டிய ஊர் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். புது உத்தரவு வரும் வரை பதினொரு நாள், கட்டிய மூட்டைகளுக்கு நடுவே வெறுந்தரையில் குடித்தனம். பட்டாளத்தம்மா கத்தாத கத்தல் இல்லை. "போற இடம் எழுதாத உத்தரவு செல்லாது. செல்லாத உத்தரவுக்கு வீட்டை விடக் கூடாது. சட்டம் அப்படி" என்று கணவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்தச் சட்டத்தை அன்றைக்குப் பட்டாளத்தம்மா வாய்க்கு வந்தபடி திட்டினார்.

ஓய்வு பெற்ற அன்று பத்தொன்பதாவது சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோதே சொல்லிவிட்டார்.

"இதோட சரி. இனிமே ஒரு வீட்டைக் காலி பண்ணச் சொன்னா பாருங்க. என்னைத் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு."

கணவர் சிரித்தார். அன்றைக்கு அவருக்கு நாற்பத்தாறு வயது. எதையும் மறக்காத மனிதர்.

இருபதாவது வீடு ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை, வாசலுக்கும் தெருக்கதவுக்கும் நடுவே நீளமான நடை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர் ஒரு முழத்தில் நிற்கும். குளியலறைக் கதவு மழைக்காலத்தில் மூடாது, வெயில்காலத்தில் திறக்காது. அதனால் என்ன? வந்த முதல் வாரத்தில் பட்டாளத்தம்மா ஒரு சுத்தியலை எடுத்து, இஷ்டத்துக்கு, சுவரில் ஒன்பது ஆணி அடித்தார். ஒவ்வொரு அடியும் அவ்வளவு ஆனந்தமாக இருந்தது. மாட்டுவதற்கு இரண்டு படம்தான் இருந்தது. மீதி ஏழு ஆணி சும்மா இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். இருபத்தைந்து வருஷமாக அந்த வீடுதான்.

பட்டாளத்தார் ஒரு கிடங்கில் காவலாளியாகப் போனார். பட்டாளத்தம்மா பெரிய மருத்துவமனையின் துணி அறையில் சேர்ந்தார்; அறுபத்தாறு வயதிலும் அதே வேலைதான். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத கூடம். சலவையிலிருந்து வரும் விரிப்புகளைப் பத்துப் பத்தாக அடுக்க வேண்டும், கிழிந்ததைத் தனியே எடுத்துத் தையல் மெஷினில் ஒட்டுப் போட வேண்டும். கிழிசலைப் பார்த்தே எந்த வார்டு என்று சொல்லிவிடுவார். குழந்தைகள் வார்டில் விரிப்பு நடுவில் கிழியும், குதிப்பார்கள். வயதானவர்கள் வார்டில் ஓரம் கிழியும். விட்டால் எங்கே விழுந்துவிடுவோமோ என்று பிடித்துக்கொண்டே படுத்திருப்பார்கள். ஓரத்துக்கு இவர் எப்போதும் இரட்டைத் தையல் போடுவார்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலை, பட்டாளத்தார் மெத்தையைச் சுருட்டிக் கயிறு கட்டி, சட்டையின் எல்லாப் பொத்தான்களையும் போட்டு, வாசலில் போய் நின்றார்.

"என்னங்க, எங்க கிளம்பிட்டீங்க?"

"வண்டி வருது. நீ இன்னும் ரெடியாகலையா?"

மறதி நோய் என்றார் மருத்துவர். போனது திரும்பாது, இருப்பதைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இருப்பது எது என்று பார்த்தால், வேடிக்கையாகத்தான் இருந்தது. மகள் பெயர் போயிருந்தது. சாப்பிட்டது கை காயும் முன்பே மறந்தது. ஆனால் படுக்கை விரிப்பை மூலை பிசகாமல் மடிப்பது அப்படியே இருந்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து மாடிப்படியில் நின்று விசில் ஊதிக் கட்டடத்தையே எழுப்புவது, இருபது வருஷத்துக்கு மேல் எங்கேயோ ஒளிந்திருந்துவிட்டுப் புதிதாகத் திரும்பி வந்திருந்தது.

மாடி வீட்டு டீச்சர், ஓய்வு பெற்றவர், தூக்கம் பிடிக்காதவர், அந்த விசிலுக்காக மூன்று முறை இறங்கி வந்து சண்டை போட்டார். நாலாவது முறை வருவதற்குள் பட்டாளத்தம்மா விசிலுக்குள் பஞ்சை அடைத்துவிட்டார். பட்டாளத்தார் ஊதுவார், காற்றுதான் வரும், யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். "சோம்பேறிப் பசங்க" என்று திட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவார். அதற்குப் பிறகு டீச்சரே இளகிவிட்டார். பட்டாளத்தம்மா வேலைக்குப் போகும் காலை நேரங்களில் கீழே ஒரு காது வைத்திருப்பதாகச் சொன்னார்.

மத்தியானங்கள்தான் கஷ்டம். இரண்டு மணிக்கு மேல் பட்டாளத்தாருக்கு இருப்புக் கொள்ளாது. நடைக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருப்பார், கையைப் பிசைவார், வண்டி எங்கே என்பார். ஒரு நாள் பட்டாளத்தம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு பரீட்சை அட்டை வாங்கி, அதில் வீட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்தார். பல்பு ஆறு, ஸ்விட்ச் பதினொன்று, கொக்கி எட்டு, குழாய் மூன்று. "ஒப்படைப்பு இருக்கு. எண்ணிப் பார்த்துச் சொல்லுங்க." அவ்வளவுதான், மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. தொட்டுத் தொட்டு எண்ணினார், டிக் போட்டார், சுவரில் இருந்த ஒன்பது ஆணியைப் பார்த்து மட்டும் முகம் சுளித்தார். கடைசியில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். பட்டாளத்தம்மா கீழே "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு மணி நேரம் பட்டாளத்தார் நிம்மதியாகத் தூங்கினார். அடுத்த நாள் மத்தியானம் மறுபடி முதலிலிருந்து. தினமும் புத்தம் புதிதாக.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறோம் என்று பட்டாளத்தம்மாவுக்கு அப்போது தெரியாது.

வீட்டுக்கார அம்மா இருந்த வரை பிரச்சினை இல்லை. போன வருஷம் அந்த அம்மா காலமானார். கட்டடம் அவருடைய மகன் கைக்கு வந்தது. மகனுக்குத் தரைத்தளத்தை இடித்துக் கடைகளாக்கும் ஆசை. அதற்காக ஒரு வீட்டுத் தரகரை அமர்த்தினார். இடுப்பில் எப்போதும் இருபது முப்பது சாவி தொங்குவதால் தெருவில் அந்தத் தரகருக்குச் சாவிக்கொத்து என்றே பெயர். கெட்ட மனிதர் என்று ஒரேயடியாகச் சொல்ல முடியாது. மெதுவாகப் பேசுவார், செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். வந்து, "அம்மா, வேற இடம் பார்த்துட்டீங்களா?" என்று கேட்பார்.

பார்க்காமல் இல்லை. மறதி நோய்க்காரர் இருக்கிறார் என்றதும் வீடு பார்க்கப் போன இடத்தில் எல்லாம் கதவு பாதியில் நின்றது. முன்னாள் படைவீரர் இல்லத்துக்கு எழுதிப் போட்டார். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடியவர்களை மட்டுமே சேர்ப்போம் என்று பதில் வந்தது. முதியோர் இல்லத்துக்கு நேரில் போனார். பட்டாளத்தில் இருந்தவர்களுக்குத்தான் தனி இல்லம் இருக்கிறதே, அங்கே போங்கள் என்றார்கள். தூரத்து ஊரில் இருக்கும் மகள் தொலைபேசியில் அழுதாள். "நீ மட்டும்னா இன்னைக்கே வாம்மா. அப்பாவையும் வச்சுக்க இங்க இடம் எங்க இருக்கு?" என்றாள். மாப்பிள்ளை வீட்டு நிலைமை பட்டாளத்தம்மாவுக்கும் தெரியும். "அவரில்லாம நான் எங்கடி வர்றது?" என்று வைத்துவிட்டார்.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் ஒரு பேருந்து நிழற்குடை. அதில் ஒரு கிழவர் பல மாதமாக உட்கார்ந்திருந்தார். காலடியில் பை. நைந்துபோன பட்டாளக் கோட்டு. ஆனால் கழுத்து வரை பொத்தான் பிசகாமல் போட்டிருக்கும். எந்த வீடு என்று கேட்டால், "வண்டி வரும்" என்பார். பட்டாளத்தம்மா தினமும் அவருக்குத் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு நாள் இருக்கை காலியாக இருந்தது. யாரிடம் விசாரிப்பது என்றுகூடத் தெரியவில்லை. அன்றைக்குத் துணி அறையில் மூன்று விரிப்பைக் கோணலாகத் தைத்துவிட்டு மறுபடி பிரித்தார். எதற்குப் பயப்பட வேண்டும் என்பது அதற்குப் பிறகு அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது.

ஒரு மணிக்கு வேலை முடிந்து வந்தவர் தெருக்கதவைத் தள்ளினார். நடையில் குடித்தனம் முழுக்க அணிவகுத்து நின்றது. கட்டில் சுவரோரம் சாய்ந்திருந்தது. பாத்திரங்கள் பெரிதிலிருந்து சிறிதாக. மெத்தைகள் சுருட்டிக் கயிறு கட்டி. நாலு இரும்புப் பெட்டிகள் ஒரே கோட்டில். சுவரிலிருந்து பிடுங்கிய ஒன்பது ஆணியும் ஒரு டம்ளரில். இவற்றுக்கு முன்னால் பட்டாளத்தார், பூட்ஸ் போட்டு, விறைப்பாக. பின்னால் வீட்டுக் கதவில் புதுப் பூட்டு.

"என்னங்க இது?"

"ஒப்படைச்சாச்சு." இத்தனை வருஷத்தில் காணாத சந்தோஷம் அந்த முகத்தில். "அட்டைக்காரர் வந்தார். எல்லாம் சரியா இருந்துச்சு. ஒரு கீறல் இல்லை."

மாடிப்படியில் டீச்சர் கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். "அக்கா, மேலேர்ந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன். சாமானை எடுத்து வைக்கிறது அவருக்குப் பழக்கம்தானேன்னு விட்டுட்டேன். அந்தச் சாவிக்கொத்து ஆளு அட்டையோட வந்தாரு. வீட்டை அளக்கத்தான் வந்தாரு போல. உங்க வீட்டுக்காரர் சல்யூட் அடிச்சுக் கூட்டிட்டுப் போனாரு. அப்புறம் அந்த ஆளு வெளியே போய் யார்கிட்டயோ போன் பேசினாரு. திரும்பி வந்து ஒரு தாள்ல என்னமோ எழுதினாரு. இவர் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்துட்டாரு. நீங்கதான் ஏற்பாடு பண்ணியிருக்கீங்கன்னு நெனச்சிட்டேன் அக்கா."

பட்டாளத்தம்மாவுக்கு வந்த கோபம் முதலில் கணவர் மேல்தான் பாய்ந்தது. அதை மறைத்து எழுதுவதற்கில்லை. "உங்களுக்கு அறிவிருக்கா? தெருவுல நிக்க வச்சிட்டீங்களே மனுஷா!" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் மெல்ல வடிந்தது. என்ன தப்பு என்று தெரியாமல், தப்பு என்று மட்டும் தெரிந்து, பொத்தான்களைத் தடவிப் பார்த்தார். எல்லாம் போட்டிருந்தது. அந்தத் தடவலைப் பார்க்கப் பொறுக்காமல் பட்டாளத்தம்மா பெட்டி மேல் உட்கார்ந்து அழுதார். அட்டையை வாங்கிக் கொடுத்தது யார்? நாள் தவறாமல் ஒத்திகை பார்க்க வைத்தது யார்? ஒரு மணி நேர நிம்மதிக்காகத் தான் செய்த வேலை, வீட்டையே வாரிக் கொடுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தபோதுதான் பெட்டியைப் பார்த்தார். மாற்றல் போகும்போதெல்லாம் பெட்டிகளின் பக்கவாட்டில் சாக்குக்கட்டியால் பெயரும் போகும் ஊரும் எழுதுவது பட்டாளத்தாரின் வழக்கம். இன்றைக்கும் எழுதியிருந்தார். அச்சுப் போன்ற அதே எழுத்து. முதல் வரியில் அவர் பெயர். கீழே, "சேருமிடம்:" என்று எழுதி இரண்டு புள்ளி வைத்து, அப்புறம் ஒன்றுமில்லை. அடுத்த பெட்டியிலும் அப்படியே. நாலு பெட்டியிலும் சேருமிடம் என்று எழுதிவிட்டு, என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். நாலாவதில் சாக்குக்கட்டியை வைத்து அழுத்திய தடம்கூட இருந்தது.

பட்டாளத்தம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை நின்றுவிட்டது. ஏழாவது வீட்டின் வெறுந்தரை ஞாபகத்துக்கு வந்தது. பதினொரு நாள் அசையாமல் உட்கார்ந்திருந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார்.

"டீச்சர், ஒரு கை பிடிங்க" என்று எழுந்தார். இருவருமாகக் கட்டிலை இழுத்துப் பூட்டிய கதவுக்குக் குறுக்கே போட்டார்கள். கணவரை உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மாடியிலிருந்து டீ வந்தது. தெருக்கதவு வழியாக இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஐந்து பேர்.

நாலு மணிக்குச் சாவிக்கொத்து வந்தார். கட்டிலைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அம்மா, இன்னும் கிளம்பலையா? வண்டி வரலையா?"

"எந்த வண்டி தம்பி?"

"சார் சொன்னாரே, வண்டி வருதுன்னு."

"நாலு வருஷமா அதைத்தானே சொல்லிட்டு இருக்காரு. உங்களுக்குத் தெரியாதா?"

சாவிக்கொத்து தரையைப் பார்த்தார். "நான் ஒரு சாமானையும் தொடலைம்மா. சாரே எடுத்து வச்சாரு, சாரே கையெழுத்துப் போட்டாரு. ஓனர்கிட்ட தகவல் சொல்லியாச்சு. இனி என் கையில ஒண்ணுமில்லை."

"அந்தத் தாளைக் கொண்டாங்க."

"படிச்சிட்டுக் கொடுத்திடணும்."

பட்டாளத்தம்மா படித்தார். மனமுவந்து வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்துவிட்டேன் என்று நாலு வரி. கீழே கணவரின் கையெழுத்து, கோடு போட்டு, தேதியோடு. மனமுவந்து என்ற சொல்லைப் பார்த்ததும் அவருக்கு மண்டைக்குள் ஏதோ சூடேறியது.

"மனமுவந்துன்னு எழுதியிருக்கீங்க. எங்க போறாருன்னு எழுதலையே?"

"அது எதுக்கும்மா?"

"எதுக்கா? எழுபத்தோரு வயசு மனுஷன். கதவைத் திறந்தா எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாது. வெளிய அனுப்புறீங்களே, எங்க போகணும் இவரு? ஒரு ஊரு பேரு சொல்லுங்க. ஒரு தெரு பேரு சொல்லுங்க. எந்த இல்லத்துக் கதவு தொறந்திருக்கு, சொல்லுங்க. இப்பவே கிளம்பறேன். பத்தொன்பது வீட்டைக் காலி பண்ணினவ நான், இருபதாவது எனக்கொண்ணும் பெரிசில்லை. போற இடத்தைச் சொல்லுங்க!"

சத்தம் தெரு முனை வரை கேட்டிருக்கும். அப்போது பக்கத்தில் கட்டில் கிறீச்சிட்டது. பட்டாளத்தார் எழுந்திருந்தார்.

"அதைக் கொடு" என்று மனைவியிடம் கையை நீட்டினார்.

தாளை இரண்டு கையாலும் வாங்கி, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டினார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம்.

"சேருமிடம் எங்கே?" என்று கேட்டார்.

"சார், அது வந்து..."

"யார் எழுதின உத்தரவு இது?" இருபத்தைந்து வருஷமாக அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. பட்டாளத்தம்மாவுக்கே முதுகு நிமிர்ந்துவிட்டது. "போற இடம் எழுதாம ஒரு ஆளை வெளிய அனுப்பினா அதுக்குப் பேரு மாத்தல் இல்லை. தெரியுமா உனக்கு?"

"தெரியாது சார்" என்றார் சாவிக்கொத்து, தன்னையறியாமல்.

"விரட்டுறது. அதுக்குப் பேரு விரட்டுறது." பட்டாளத்தார் தாளை நாலாக மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். "இது செல்லாது. நான் ஒப்படைக்கலை. சாவி."

கையை நீட்டியபடி நின்றார். கை இறங்கவில்லை.

"சார், அந்தத் தாள்..."

மாடிப்படியிலிருந்து டீச்சர் இறங்கி வந்து கட்டிலின் மறுபக்கம் நின்றார். "தாளைப் பத்திப் பேசலாமே தம்பி. மறதி நோய்க்காரர்கிட்ட எப்படிக் கையெழுத்து வாங்கினீங்கன்னு மேலேர்ந்து பார்த்தவ நான். எங்க வேணா வந்து சொல்றேன். முப்பத்திரண்டு வருஷம் வகுப்புல கத்தினவ, சத்தமாவே சொல்வேன்."

சாவிக்கொத்து தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், தெருக்கதவில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார், நீட்டியிருந்த கையைப் பார்த்தார். "எங்க அப்பாவும் இப்படித்தான் இருந்தாரு" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். சொன்னதால் பெருமை ஒன்றும் இல்லை. தெரிந்தே செய்தார் என்றுதான் அதற்கு அர்த்தம். கொத்திலிருந்து ஒரு சாவியைப் பிரிக்க அவருக்கு நெடுநேரம் ஆனது.

பட்டாளத்தார் சாவியை வாங்கி, எண்ணிப் பார்ப்பது போல ஒரு முறை புரட்டி, மனைவியிடம் கொடுத்தார். பட்டாளத்தம்மாவுக்குப் பூட்டின் துவாரம் தெரியவில்லை. கண் அப்படி நிறைந்திருந்தது. டீச்சர்தான் திறந்தார். கட்டில், மெத்தை, பெட்டிகள் எல்லாம் உள்ளே போயின. கூட்டத்திலிருந்து இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பெட்டி தூக்கினார்கள். நாலாவது பெட்டி உள்ளே வந்தபோது பட்டாளத்தார் நடு அறையில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"நல்ல வீடா இருக்கே. யாரு வீடு?" என்றார்.

"நம்ம வீடுதான்" என்றார் பட்டாளத்தம்மா. சுத்தியலை எடுத்து, டம்ளரில் இருந்த ஒன்பது ஆணியையும் பழைய ஓட்டைகளுக்குப் பக்கத்தில் புது இடம் பார்த்து அடித்தார். பத்தாவதாக ஒன்று சமையலறையில் கிடந்தது. அதையும் விடவில்லை.

மறுநாள் துணி அறைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, மருத்துவரின் சான்றிதழோடும் அந்தத் தாளோடும் இலவச சட்ட உதவி அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த பெண் வக்கீல் தாளைப் படித்துவிட்டுப் பத்திரமாகக் கோப்பில் வைத்துக்கொண்டார். இதை மட்டும் அந்த ஆள் திரும்ப வாங்கியிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்றார். வழக்கு நடக்கிறது. ஜெயிக்குமா என்று கேட்டால், நடக்கிற வரை வீட்டில் இருக்கலாம் என்கிறார் வக்கீல். பட்டாளத்தம்மா இரண்டு இல்லங்களுக்கும் மறுபடி எழுதியிருக்கிறார். இந்த முறை கெஞ்சவில்லை. ஆளாளுக்குக் கையைக் காட்டுகிறீர்களே, இவர் எங்கே போக வேண்டும் என்று எழுத்தில் பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். பதில் வரவில்லை.

பரீட்சை அட்டை இன்னும் இருக்கிறது. பட்டியல்தான் மாறிவிட்டது. வீட்டுக்கார மகனிடமிருந்து நோட்டீஸ் வந்தால் அதை அட்டையில் செருகிக் கணவர் கையில் கொடுக்கிறார். மத்தியான வேலை இப்போது அதுதான். போன வாரம் மூன்றாவது நோட்டீஸ் வந்தது. பட்டாளத்தார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை ஓட்டி, முன்னும் பின்னும் படித்துவிட்டு, குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"என்னங்க ஆச்சு?"

"சேருமிடம் எழுதலை."

"அப்போ என்ன பண்றது?"

பட்டாளத்தார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இத்தனை வருஷம் பட்டாளத்தான் பெண்டாட்டியாக இருந்துவிட்டு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை.

"இருக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு, கட்டி வைத்திருந்த மெத்தையின் கயிற்றை அவிழ்த்தார்.